ரோபோவுக்கு ஒரு ஓட்டை போடணும், எங்கே போறது?

பள்ளிக்கூட ரோபோட்டிக்ஸ் டீம் என்றால் எல்லோருக்கும் லேப்டாப்தான் ஞாபகம் வருகிறது. அட்மிஷன் நேரத்தில் ரோட்டோரம் வைக்கிற பிளெக்ஸிலும் அதே படம்தான்: பளபள லேப்டாப், பக்கத்தில் சிரிக்கிற ஒரு பிள்ளை, மேலே கோடிங், ஏஐ என்று நாலு வார்த்தை. ஆனால் ஒரு டீமோடு கொஞ்ச நாள் கூடவே இருந்து பாருங்கள். கோடிங்கில் யாரும் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது, பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் அக்கா இருக்கிறார். பிள்ளைகள் நிஜமாகவே திகைத்து நிற்பது மூன்று மில்லி அலுமினியத் தகட்டில் மோட்டார் மாட்ட ஓட்டை போடுகிற இடத்தில்தான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தேன். இப்போது லீவு நாட்களில் திண்டுக்கல்லில் தெரிந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. அங்கே பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கப்ளிங்கின் கதை

பிள்ளைகள் வாங்குகிற மோட்டார்களில் 'ஜான்சன் மோட்டார்' என்று ஒன்று உண்டு. 12 வோல்ட், கியர் வைத்தது, விலைக்கு நல்ல இழுவை. அதன் ஷாஃப்ட் 6 மில்லிமீட்டர், ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். இவர்கள் வாங்கிய சக்கரமோ வேறு அளவு. இரண்டையும் சேர்க்க ஒரு கப்ளிங் வேண்டும். பள்ளி லேபில் இருந்த 3டி பிரிண்டரில் ஒன்று அடித்துப் பார்த்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஸ்க்ரூவை முறுக்கியதும் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சும்மா நிற்கிறது.

சரி என்று அவர்களை ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். வாசலில் போர்வெல் மோட்டாரின் பாகங்கள், உள்ளே பழைய லேத், கீழே சுருள் சுருளாகப் பிசிறு, கூலண்ட் வாடை. பட்டறைக்காரர் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டிராயிங் எங்க தம்பி?"

பையன் போனை நீட்டினான். படத்தில் 6 என்று போட்டிருந்தது.

"ஆறுன்னா ஆறேதானா, இல்ல ஆறு புள்ளி ஒண்ணா? ஷாஃப்ட் டைட்டா ஏறணுமா, வழுக்கிட்டுப் போகணுமா?"

நாலு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் 6 என்று அடித்தால் 6 வந்துவிடும். இரும்பில் அப்படி வராது. 6 மில்லி ட்ரில்லை விட்டால் ஓட்டை கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், ஷாஃப்ட் உள்ளே ஆடும். அவர் ஒரு துண்டு ராடை சக்கில் பிடித்தார். முகத்தைச் சீவினார். சென்டர் ட்ரில் வைத்தார். பிறகு 5.8-ல் ஓட்டை போட்டு, 6 மில்லி ரீமரை மெதுவாக விட்டு எடுத்தார். துண்டாக அறுத்த பிறகு பக்கவாட்டில் 3.3-ல் ஒரு ஓட்டை, அதில் எம்4 டேப். ஷாஃப்டை நுழைத்தபோது லேசாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது, ஆட்டமே இல்லை. டாலரன்ஸ் என்றால் என்ன என்று நான் போர்டில் மணிக்கணக்காக எழுதிப்போட்டாலும் அந்தப் பிடிமானம் விரலுக்குப் புரிந்திருக்காது.

அப்போது டீமில் இருந்த பெண் கேட்டாள்: "அடுத்த சக்கரத்துக்கு நான் போடட்டுமாண்ணே?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "போடலாம் பாப்பா. கையில பட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பதில் சொல்ல ஆள்

அவர் கஞ்சத்தனமாகவோ பிகுவாகவோ அப்படிச் சொல்லவில்லை. ஒத்தை ஆளாக நடத்துகிற பட்டறை. ஓடுகிற லேத் யூனிபார்மின் கை நுனியைப் பிடித்தால் விடாது. அதோடு சட்டமும் இருக்கிறது. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். அதன்படி 14 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளைப் பொதுவாக எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, 14-லிருந்து 18 வரை அபாயகரமான வேலையில் வைக்கக் கூடாது. மிக நல்ல சட்டம், இந்த ஊரில் அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். கற்றுக்கொள்ள வந்த பிள்ளையும் வேலைக்கு வைத்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறுதான். ஆனால் லேத் முன்னால் யூனிபார்மில் நிற்கிற பிள்ளையை யாரோ போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் பட்டறைக்காரர் அதை எப்படி விளக்குவார்? அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை.

ஆக, அவர் கேட்டதுதான் இந்த விஷயத்தில் ஆதாரமான கேள்வி. திண்டுக்கல்லில் மெஷினுக்கா பஞ்சம்? பூட்டுப் பட்டறை, இரும்புப் பெட்டி செய்கிற பட்டறை, பீரோ பட்டறை, மில்களுக்குள் இருக்கிற ஒர்க்‌ஷாப், அரசு ஐடிஐ, பாலிடெக்னிக், சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். ஊரைச் சுற்றி வந்தால் ட்ரில்லிங் மெஷின் கண்ணில் படாத தெருவைத் தேடத்தான் கஷ்டப்பட வேண்டும். பக்கத்தில் நின்று பொறுப்பேற்கிற ஒரு ஆளோடும், ஒரு நேரத்தோடும், ஒரு அனுமதியோடும் எட்டாவது படிக்கிற பிள்ளை மெஷின் முன்னால் போய் நிற்பதற்குத்தான் வழி இல்லை.

பள்ளிக்குள்ளேயே இருக்கிறதே?

இருக்கிறது. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-ல் வந்தது. நிதி ஆயோக்கின் கீழ் நடக்கிறது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை: லேப் அமைக்க 10 லட்சம், ஐந்து வருடம் நடத்த 10 லட்சம் வரை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையான பிள்ளைகளுக்கு. 3டி பிரிண்டர், ஆர்டுயினோ, சென்சார்கள், கைக்கருவிகள் எல்லாம் உண்டு. நாடு முழுக்கப் பத்தாயிரம் பள்ளிகளில் வந்துவிட்டது. 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளுக்கு இன்னும் 50,000 லேப்கள் என்று அறிவித்தார்கள்.

குறை சொல்கிற திட்டம் இல்லை இது. ஆனால் லேப் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று வாத்தியார்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். வந்த பொருளெல்லாம் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறும். பொறுப்பு ஒரு ஆசிரியர் பேரில் இருக்கும். பெரும்பாலும் அவர் பிசிக்ஸ் வாத்தியார், பிளஸ் டூ போர்ஷனை முடிக்க வேண்டியவர். ஒரு நாசில் அடைத்தாலோ ஒரு ட்ரில் பிட் உடைந்தாலோ ஆடிட்டில் பதில் எழுத வேண்டியது அவர்தான். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வோம்? கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வோம். மெஷினும் கொலுப் பொம்மை மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு, துடைத்து வெளியே வரும். கருவி தேய்வதும் உடைவதும் படிப்பின் செலவு என்று எழுதிக்கொள்ள அந்த ரெஜிஸ்டரில் கட்டமே இல்லை.

நேரம் இன்னொரு தலைவலி. ஒரு பீரியட் 40, 45 நிமிடம். கைக்கடக்கமான ஒரு பாகத்தை 3டி பிரிண்டரில் அடிக்கவே சில மணி நேரம் ஆகும். மணி அடித்ததும் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள், பிரிண்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்துகிற நாள் நமக்கெல்லாம் முன்கூட்டியே தெரியும், லேபின் கால அட்டவணைக்கு மட்டும் தெரியாது. சரி, பள்ளி விட்டதும் செய்யலாம் என்றால் பஸ். ரெட்டியார்சத்திரம், சாணார்பட்டி, வடமதுரைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு இருட்டிவிடும். பையன்கள் எப்படியாவது சமாளிப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். 2021-லிருந்து சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய விஷயம். ஆனால் பஸ்ஸின் நேரத்தை அது மாற்றாது. டீமில் பெண்கள் ஏன் கோடிங்கோடும் பிரசன்டேஷனோடும் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்பவர்கள், லேப் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்க்கலாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிண்டரில் பெரும்பாலும் பயன்படுவது பிஎல்ஏ. அது சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ரோபோவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அதன் கை வளைந்திருக்கலாம். அதனால்தான் பிரிண்டர் ஒன்றை வாங்கிவிட்டால் ஒர்க்‌ஷாப் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. சுமை தாங்குகிற இடத்துக்கு உலோகம் வேண்டும். உலோகத்துக்கு அரம், ஆக்ஸா பிளேடு, வைஸ், ட்ரில் வேண்டும்.

புது யோசனை ஒன்றும் இல்லை

கையால் செய்து படிப்பது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. 1937-ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார்: கைத்தொழில் பாடத்துக்கு நடுவில் இருக்க வேண்டும், பாடத்துக்கு வெளியே அல்ல. அந்த யோசனையோடு டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் போனால் சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பாடங்கள், அதற்கு ஒர்க்‌ஷாப்கள். அந்தப் பிரிவில் படித்தவர்கள் வைஸ் பிடித்த கதைகளை இன்றைக்கும் சொல்வார்கள். மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்று அதற்கு நாம்தான் பேர் வைத்தோம். இன்றைக்கு அதே வேலைக்கு ரோபோட்டிக்ஸ் என்று பேர் வந்ததும் ஃபீஸ் கட்டக் கியூவில் நிற்கிறோம்.

வெளியே பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடித்தது புனே பக்கத்தில் பாபல் என்கிற கிராமம். மழை குறைந்த ஊர். ஸ்ரீநாத் கல்பாக் என்கிற விஞ்ஞானி நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1983-ல் அங்கே விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் முழுக்கத் தொழில்நுட்ப வேலை: வெல்டிங், வயரிங், விவசாயம், வீட்டு நலம். கற்றுக்கொண்டதை ஊருக்குச் சேவையாகச் செய்து கொடுக்க வேண்டும், அதற்கு ஊர்க்காரர்கள் காசு கொடுக்க வேண்டும். 2002-ல் அமெரிக்காவின் எம்ஐடி, 'ஃபேப் லேப்' என்கிற கணினிவழி ஒர்க்‌ஷாப்பை வெளிநாடுகளில் அமைக்கத் தொடங்கியபோது முதலில் போன இடங்களில் பாபலும் ஒன்று. கிராமத்துப் பிள்ளைகளை நம்பி ஏற்கெனவே மெஷின் கொடுத்துக்கொண்டிருந்த இடம் அது, புது மெஷினும் அங்கே போய்ச் சேர்ந்தது.

ரோபோ போட்டிகளின் பழைய கதையும் இதே பக்கம்தான் வருகிறது. டீன் காமென் என்கிற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் போட்டி 1992-ல் நியூஹாம்ப்‌ஷயரில் ஒரு பள்ளியின் ஜிம்மில் நடந்தது. 28 டீம்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கம்பெனி இன்ஜினியர்களோடு சேர்த்து உட்கார வைப்பதுதான் அந்தப் போட்டியின் அச்சாணி. நாம் இங்கே கோப்பையையும் கிட்டையும் வாங்கி வந்தோம், இன்ஜினியரையும் அவருடைய ஒர்க்‌ஷாப்பையும் விட்டுவிட்டோம்.

திண்டுக்கல்லில் என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். படிப்படியாகத்தான் போக வேண்டும். எடுத்த எடுப்பில் லேத் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

*முதல் படி கைக்கருவி.* இதற்குக் கரண்டே வேண்டாம். உறுதியான ஒரு மேஜை, வைஸ், அரம், ஆக்ஸா, சென்டர் பஞ்ச், ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர். ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிற பையன் முதலில் பழகுவது அரம் போடத்தான். திண்டுக்கல்லில் இதற்கு வாத்தியாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்முடையது. மாங்காய்ப் பூட்டுக்குள் இருக்கிற லீவர் ஒவ்வொன்றும் சாவியின் பல்லுக்குத் தகுந்த உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு திறக்கும். அந்தப் பொருத்தத்தைக் கையால் ராவி ராவியே கொண்டுவந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அலிகார் பூட்டோடு போட்டி போட முடியாமல் வேலை குறைந்து உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு பெரியவரை ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் முன்னால் உட்கார வைத்தேன். அலுமினியத் தகட்டை வைஸில் கட்டிக் கொடுத்து, ராவச் சொன்னார். பையன் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் தேய்த்தான்.

"மரமா அறுக்கிற? தள்ளும்போதுதாம்ப்பா அமுக்கணும். இழுக்கும்போது அரம் சும்மா வரணும். பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு."

கொஞ்ச நேரத்தில் அரத்தின் பல்லிடுக்கில் அலுமினியம் அப்பிக்கொண்டது. போர்டு பக்கம் போய் ஒரு சாக்பீஸை எடுத்து வந்து அரத்தில் தேய்த்தார். மறுபடி ராவினால் அப்பவில்லை. சாக்பீஸுக்கு அப்படி ஒரு வேலை உண்டு என்று அந்த வகுப்பில் யாருக்கும் அதுவரை தெரியாது. இவர் மாதிரி ஆட்களைப் பகுதிநேரப் பயிற்றுநராக வைத்துக் கௌரவமான சம்பளம் கொடுங்கள். சும்மா பொன்னாடை போர்த்தி அனுப்பாதீர்கள்.

*இரண்டாவது படி ட்ரில்லிங் மெஷினும் பிரிண்டரும்.* இதற்கு ஓர் அனுமதி அட்டை வேண்டும். பிள்ளையின் பெயர், எந்தக் கருவி, யார் சொல்லிக் கொடுத்தது, யார் பரீட்சை வைத்தது, பெற்றோர் கையெழுத்து. பரீட்சை பெரிதாக ஒன்றுமில்லை. தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டுக் கட்டினாளா? சக் கீயை எடுத்தாளா? கண்ணாடி போட்டாளா? ஜடையைக் கட்டி உள்ளே விட்டு, துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டு ஓவர்கோட் போட்டாளா? கையுறை மாட்டியிருந்தால் கழற்றினாளா? பாதுகாப்பு என்று நினைத்துக் கையுறை மாட்டிக்கொண்டு ட்ரில் முன்னால் நிற்பவர்கள் நிறைய. சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். இதையெல்லாம் சரியாகச் செய்கிற பிள்ளைக்கு எட்டாவது படிக்கிறாள் என்பது தடை இல்லை. செய்யாத பிள்ளைக்குப் பிளஸ் டூ படிக்கிறான் என்பது தகுதி இல்லை.

*மூன்றாவது படி ஐடிஐ.* தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றுகிற வேலை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து நடந்தது. 2023-ல் முதல் மையங்கள் திறந்தன. சிஎன்சி, ரோபோ எல்லாம் வந்தன. இப்படி ஒரு மையமோ, சாதாரண ஃபிட்டர், டர்னர் பிரிவோ எதுவாக இருந்தாலும் சரி, லீவு நாளில் அரை நாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் போதும். அங்கே மெஷினும் இருக்கிறது, பயிற்றுநரும் இருக்கிறார், பாதுகாப்பு விதியும் சுவரில் எழுதியிருக்கிறது. வேண்டியது இரண்டு துறைகளுக்கு நடுவில் ஒரு கடிதமும், பயிற்றுநருக்கு அந்த அரை நாள் சம்பளமும்.

*நான்காவது படி நம் லேத் பட்டறை.* மெஷினைத் தொட வேண்டாம். அளவும் டாலரன்ஸும் போட்ட டிராயிங்கோடு போய், காசு கொடுத்து, பாதுகாப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். ஒரு பொருளை இன்னொருவர் செய்கிற மாதிரி வரைந்து கொடுப்பது தனிப் படிப்பு. பட்டறைக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை பாதி இன்ஜினியர்.

காசு எங்கே போக வேண்டும்

புது கிட் வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை ஆளுக்கும் நேரத்துக்கும் திருப்பினாலே இதில் பெரும்பகுதி நடந்துவிடும். நன்கொடை கொடுக்க வருகிற பழைய மாணவர்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பேர் பொறித்த பெட்டியில் இன்னொரு பிரிண்டர் தர வேண்டாம். ட்ரில் பிட், பிளேடு, பிலமென்ட், கண்ணாடி என்று தேய்ந்து தீர்கிற சாமான்களுக்கு வருஷா வருஷம் கொடுங்கள். சனிக்கிழமை லேபைத் திறந்து வைக்கிற ஒருவரின் சம்பளத்தைக் கொடுங்கள். சாயங்காலம் பிள்ளைகளை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்காதுதான்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒன்று. அடுத்த ஆடிட்டுக்கு முன்னால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் ஒதுக்கி, 'மாணவர் பயிற்சியில் தேய்ந்தவை, உடைந்தவை' என்று தலைப்புப் போடுங்கள். வருஷக் கடைசியில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால் அந்த லேப் ஓடவில்லை என்று அர்த்தம். ஆடிட்டர் கேட்க வேண்டியது அதைத்தான்.

கப்ளிங்கைத் தானே போடக் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கு லேத் கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் கூடாது. ஆனால் இந்த வருஷம் அவள் அரத்தில் தொடங்கி ட்ரில் வரைக்கும் வந்துவிட்டாள், அட்டையில் கையெழுத்து இருக்கிறது. லேத் அவளுக்கு எந்த வயதில், எந்த இடத்தில், யார் பொறுப்பில் கிடைக்கும் என்பதை இந்த ஊர் இப்போதே தேதி போட்டுச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் ரோபோட்டிக்ஸ் டீம் இருக்கிற ஊர் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் நம்மிடம் இருப்பது கிட் வாங்கிய பில் மட்டும்தான்.